பரிசிலும் கூலியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், குடந்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புலவரும் புரவலரும்' என்று என் உரைக்குத் தலைப்பிட்டு அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். பாரி, பேகன், அதியன், ஆய் என வள்ளல்களை வரிசைப்படுத்தி, தேரும் போர்வையும் நெல்லிக்கனியும் கொடுத்த கதைகளைச் சொல்லி முடிப்பேன் என்பது செயலாளர் ஐயா அவர்களின் எதிர்பார்ப்பு. அவ்வுரையை நான் பல மேடைகளில் ஆற்றியிருக்கிறேன். ஒருமுறை ஒரே வாரத்தில் இரண்டு ஊர்களில் ஆற்றியதும் உண்டு. இன்று அதை மறுபடியும் சொல்ல மனம் ஒப்பவில்லை. இந்த அரங்கில் அமர்ந்திருப்போரைப் பாருங்கள். மெய்ப்புத் திருத்துவோர் இருக்கிறீர்கள். மொழிபெயர்ப்போர், விளம்பர வாசகம் எழுதுவோர், திருமண வாழ்த்துமடல் பாடித் தருவோர், பள்ளி மாணவர்க்கான உரைநூல் எழுதுவோர், வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழ் உரையாடல் எழுதுவோர் இருக்கிறீர்கள். கவிதை உங்களுக்கு உயிர். சோறு போடுவது இந்த உதிரி வேலைகள். மாதச் சம்பளம் கிடையாது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது இளையவர்கள் என்னிடம் தனியே கேட்பது யாப்பைப் பற்றியோ படிமத்தைப் பற்றியோ அன்று. "எவ்வளவு கேட்கலாம் அம்மா?" என்பதுதான். அக்கேள்விக்கு இன்று வெளிப்படையாக விடை சொல்ல முயல்கிறேன்.

நான் பொற்கொல்லர் வீட்டுப் பெண். பெரிய கடைத்தெருவுக்குப் பின்புறச் சந்தொன்றில் என் தந்தையார் பட்டறை வைத்திருந்தார். வாடிக்கையாளர் பழைய நகையைக் கொண்டுவந்தால் முதலில் உரைகல்லில் உரைத்துக் காட்டுவார். பிறகு அவர்கள் கண்முன்னே தராசில் நிறுப்பார். கிராம் எடைக்கற்கள் இருந்தபோதும் தம் தந்தையார் காலத்துக் குன்றிமணிகளை ஒரு சிமிழில் வைத்திருந்தார். எடை சொல்லியபின் செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று சொல்லிச் சீட்டில் எழுதுவார். அவர்கள் தலையசைத்த பின்னரே பொன்னைக் கையில் வாங்குவார். உறவினர் வந்தாலும் இதே முறைதான். கூலி பேசாமல் பொன்னை வாங்கி வைத்தால் இரவில் உறக்கம் வராது என்பார். அவர் குறைத்துக்கொண்டதும் உண்டு. ஏழை வீட்டுத் தாலிக்குக் கூலியே வாங்காததும் உண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள். முனைவர் பட்டம் பெற்ற மறு ஆண்டு, 2008-இல், எனக்கு நிலையான பணி இல்லை. வெளியூர்ப் பதிப்பகத்தார் ஒருவர் குழந்தை நலம் பற்றிய ஆங்கில நூலொன்றைத் தமிழாக்கித் தரக் கேட்டார். 240 பக்கம். "என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று தொலைபேசியில் வினவினார். என் வாயில் வந்த சொற்கள், "பார்த்துச் செய்யுங்கள் ஐயா." நான்கு மாதம் உழைத்தேன். அவர் பார்த்துத்தான் செய்தார்: மூவாயிரம் ரூபாய்க்குக் காசோலை, ஐந்து படிகள், என் தமிழ்ப்பணியைப் பாராட்டி ஒரு கடிதம். நூலின் முகப்பிலும் உள்ளேயும் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லை. என் தந்தையார் காசோலையைக் கையில் வாங்கிப் பார்த்து, "எத்தனை நாள் வேலை? கூலி என்ன பேசினாய்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேலே ஒன்றும் கேட்காமல் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பதிப்பகத்தாரை நான் இன்று குறை சொல்ல வரவில்லை. அவர் கேட்டார், சொல்லும் உரிமையை நான்தான் அவர் கையிலேயே கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? தமிழ் படித்தவள் விலை பேசலாகாது என்ற எண்ணம் எனக்குள் ஊறியிருந்தது. அந்த எண்ணத்துக்குச் சான்றாக நான் மனத்தில் வைத்திருந்தது பெருஞ்சித்திரனாரின் பாட்டு. புறநானூற்றின் 208-ஆம் பாட்டு அது. மலைகள் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண வருகிறார் புலவர். அவனோ அவரைக் காணாமலே பரிசிலை அனுப்பிவிடுகிறான். புலவர் அதை ஏற்க மறுக்கிறார். என்னைப் பார்க்காமல் தந்த பொருளைப் பெற்றுக்கொண்டு போக நான் வணிகம் செய்பவன் அல்லன் என்பது அவர் கூற்றின் கருத்து. வகுப்பறையில் இவ்விடத்தில் நிறுத்திவிடுவோம். புலவன் வணிகனல்லன், எனவே விலை பேச மாட்டான் என்று முடிவு கட்டிவிடுவோம்.

ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. என் தகுதியின் அளவை அறிந்து தந்தால் தினையளவு சிறிதாயினும் அது இனியது என்று அவர் தொடர்கிறார். அவர் மறுப்பது பொருளை அன்று. அளவறியாமல் நிர்ணயித்த தொகையை. உரைகல்லில் உரைக்காமல், தராசில் வைக்காமல் ஒரு விலையைச் சொன்னால் என் தந்தையார் எப்படி நகையைத் திருப்பிக் கொடுத்திருப்பாரோ, அப்படித் திருப்பிக் கொடுக்கிறார். 'பார்த்துச் செய்யுங்கள்' என்று சொன்ன எனக்கும், பார்க்காமல் செய்ததை ஏற்காத அவருக்கும் உள்ள தொலைவு பெரிது. நான் அவர் மரபில் நிற்பதாக நினைத்துக்கொண்டு அவருக்கு நேர் எதிராக நடந்திருக்கிறேன்.

அவர் வயிறு நிறைந்து பேசியவருமல்லர். குமணனிடம் அவர் பாடிய 159, 160-ஆம் பாட்டுகளை நினைவுகூருங்கள். முதிய தாய், குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்துண்ணும் மனைவி, பால் வற்றிய மார்பைச் சுவைத்து அழும் குழந்தை. இவ்வளவையும் சொன்ன அதே மூச்சில், காலந்தாழ்த்தித் தரும் பரிசில் கொல்களிறே ஆனாலும் கொள்ளேன், மகிழ்ந்து தருவாயாயின் ஒரு குன்றிமணி அளவும் கொள்வேன் என்கிறார். குன்றிமணி என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பட்டறைச் சிமிழ் நினைவுக்கு வரும். தொகை, காலம், தரும் முறை என்னும் மூன்றையும் புலவர் இங்கே பேசி முடித்துவிடுகிறார்.

இளவெளிமான் என்பவன் சிறிது கொடுத்தபோது அதைப் பெறாமல் சென்று, குமணனிடம் யானை பெற்றுவந்து, இளவெளிமானின் காவல்மரத்தில் அதைக் கட்டிவிட்டுப் போன செய்தியும் உங்களுக்குத் தெரியும். பழைய வாடிக்கையாளர் வாசலில் யானை கட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. பாகன் கூலி கட்டாது. வேறோர் இடத்தில் உரிய மதிப்புக் கிடைத்தால் முதலாமவர் தாமே அறிந்துகொள்வார்.

புறப்பாட்டுகளின் துறைப்பெயர்களை மட்டும் தொகுத்துப் பார்த்தாலே போதும். பரிசில் துறை, பரிசில் கடாநிலை, பரிசில் விடை. கேட்பதற்கு ஒரு துறை, கொடுக்கத் தாமதித்தால் வற்புறுத்துவதற்கு ஒரு துறை, பெற்று விடைபெறுவதற்கு ஒரு துறை. கூச்சத்துக்கு என்று தனித்துறை ஏதும் நம் முன்னோர் வகுக்கவில்லை. அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் அவனிடம் முறையிடாமல் வாயிற்காவலனிடம் பேசுகிறார். மரம் வெட்டத் தெரிந்த தச்சனின் பிள்ளைகளுக்குக் காடு எங்கும் இருப்பதுபோல எங்களுக்கும் எத்திசையிலும் சோறு உண்டு என்கிறார். இன்று அந்த வாயிற்காவலன் பெயர் 'கணக்குப் பிரிவு'. ஆவூர் மூலங்கிழார் பாண்டியன் நன்மாறனிடம் சொன்னதோ இன்னும் நேரானது. கொடுக்க இயன்றதைக் கொடுப்பதும், இயலாததை இல்லை என்பதும் இரண்டுமே நல்ல பண்புதான். இயன்றதை இல்லை என்பதும், இயலாததைத் தருவதாகச் சொல்வதும் கேட்போரை வருத்தும் என்கிறார் (புறம் 196). 'அடுத்த நூலில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் பதிப்பாளர்கள் மேசையில் அந்தப் பாட்டை அச்சிட்டு வைக்கலாம்.

பதிற்றுப்பத்தின் பதிகங்கள் பிற்காலத்தார் சேர்த்தவை. அவற்றின் எண்களை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. எனினும் அவை பரிசிலை எவ்வாறு கணக்கிடுகின்றன என்பது சுவையானது. காக்கைபாடினியார் நச்செல்லையார்க்கு அணிகலனுக்கென்று ஒன்பது கா பொன்னும், அதற்கு மேல் நூறாயிரம் காணமும் தந்ததாகச் சொல்கிறது ஆறாம் பத்தின் பதிகம். பொன் வேறு, காசு வேறு. குமட்டூர்க் கண்ணனார்க்கு இமயவரம்பன் தந்தது இன்னும் வியப்பானது. உம்பற்காட்டில் ஐந்நூறு ஊர்களோடு, முப்பத்தெட்டு ஆண்டுகள் தென்னாட்டு வருவாயில் ஒரு பங்கு. ஒருமுறை கொடுத்து முடிக்கும் தொகையும், தொடர்ந்து வரும் பங்கும் என்று இரண்டு வகை அங்கே இருக்கின்றன. இதற்கு இன்று நாம் ராயல்டி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நம் ஊருக்கு அருகே வருவோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊரூராக அன்பர்கள் வேண்டத் தலபுராணம் பாடியவர். அவர் பாடிய ஊர்களில் நம் குடந்தையும் ஒன்று. அரங்கேற்றத்தின்போது கிடைத்ததை வைத்துக்கொண்டு மாணவர்க்குச் சோறிட்டுப் பாடம் சொன்ன அப்பெருந்தகை, 1876-இல் மறைந்தபோது கடனும் விட்டுச்சென்றார். அவர் மாணவர் உ.வே.சாமிநாதையர் 1880-இல் நம் கல்லூரிக்கு வந்தார். சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டு வெளியிடுவதற்கு அவர் கையாண்ட வழி வேறு. நூல் வெளிவரும் முன்பே வாங்குவதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றார், உதவித்தொகை திரட்டினார். ஆசிரியரின் புலமையில் ஒரு துளியும் குறையாத மாணவர், பொருள் திரட்டும் முறையில் ஆசிரியரைப் பின்பற்றவில்லை என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

இனிக் கணக்கு. தமிழாசிரியை மேடையில் கணக்குப் போடுவது புதுமையாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதிரி வேலையை மட்டுமே நம்பி வாழும் ஒருவருக்கு மாதம் 24,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 நாள் வேலை. கண்ணும் கருத்தும் தாங்கக்கூடியது நாளைக்கு ஐந்து மணி நேரம். ஆக 110 மணி. ஆனால் வேலை தேடும் நாள், அச்சகத்துக்கு நடக்கும் நாள், வேலையே வராத நாள் எல்லாம் கழித்தால் கூலி தரக்கூடிய நேரம் 75 மணிக்கு மேல் தேறாது. அப்படியானால் ஒரு மணிக்கு 320 ரூபாய் வேண்டும். இந்த எண்ணை எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அது உங்கள் உரைகல், சட்டைப்பையில் இருக்கட்டும்.

இப்போது 320 பக்க நூலொன்று மெய்ப்புத் திருத்த வருகிறது. அச்சகத்தார் கணக்கில் இருபது பாரம். முதல் மெய்ப்பு மணிக்கு எட்டுப் பக்கம் என்றால் 40 மணி. இரண்டாம் மெய்ப்பு அதில் பாதி, 20 மணி. மொத்தம் 60 மணிக்கு 19,200 ரூபாய், அதாவது பக்கத்துக்கு 60 ரூபாய். பதிப்பாளர் பக்கத்துக்கு 25 ரூபாய் என்கிறார். பெரும்பாலோர் இவ்விடத்தில் நாற்பதுக்கு இறங்கி, பிறகு முப்பதுக்கு இறங்கி, வேலை அதே அளவில் இருக்கத் தொகையை மட்டும் குறைத்துக்கொள்கிறோம். அது தவறு. தொகையைக் குறைக்க வேண்டுமானால் வேலையையும் குறைக்க வேண்டும். "ஐயா, ஒரு மெய்ப்பு மட்டும் பார்த்துத் தருகிறேன், இரண்டாவதை ஆசிரியரே பார்க்கட்டும். பக்கத்துக்கு 40 ரூபாய்" என்று சொல்லலாம். மணிக்கணக்கு அப்போதும் கெடவில்லை. அதற்கும் அவர் இணங்காமல் 25-இலேயே நின்றால், அந்த ஒரு மெய்ப்புக்கு மணிக்கு 200 ரூபாய் கிடைக்கும். வீட்டில் அரிசி இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், அதில் இழிவில்லை. என்ன இழக்கிறோம் என்று தெரிந்து ஏற்பது ஒன்று, தெரியாமல் ஏற்பது மற்றொன்று.

மொழிபெயர்ப்பில் தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. சொல்லுக்கு இவ்வளவு என்று பேசும்போது எந்த மொழிச் சொல் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மொழி ஒட்டுநிலை மொழி. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக நிற்பது தமிழில் ஒரு வினைமுற்றில் அடங்கிவிடும். என் அனுபவத்தில் ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் தமிழில் எழுநூறு, எழுநூற்றைம்பது சொற்களாகின்றன. 60,000 சொல் கொண்ட ஆங்கில நூலுக்குச் சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் மூலத்தை எண்ணினால் 90,000 ரூபாய். தமிழை எண்ணினால் ஏறத்தாழ 43,000 சொல்லுக்கு 64,500 ரூபாய். வேலை ஒன்றே, 25,500 ரூபாய் சந்தியில் கரைந்துவிடுகிறது. 'வந்துகொண்டிருக்கிறான்' என்று சேர்த்தெழுதுவதா, மூன்றாகப் பிரிப்பதா என்று நாம் இலக்கண அரங்குகளில் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். சேர்த்தெழுத வேண்டும் என்று அன்று முழங்கியவள் நான். கூலி வாங்கும் நாளில் அந்தக் கட்சியில் உறுதியாக நிற்பது எளிதன்று.

அண்மை ஆண்டுகளில் புதிய பேரம் ஒன்று தொடங்கியிருக்கிறது. "இயந்திரமே மொழிபெயர்த்துவிட்டது, நீங்கள் சரிபார்த்துக் கொடுத்தால் போதும்" என்று மூன்றில் ஒரு பங்குத் தொகைக்குக் கேட்கிறார்கள். சில உரைகளில் அது ஓரளவு உண்மையாகவும் இருக்கிறது; மறுப்பதற்கில்லை. ஆனால் சில உரைகளில் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது விரைவில் முடியும். எனவே முழு நூலுக்கும் விலை சொல்லும் முன் நடுவிலிருந்து நான்கு பக்கத்தை எடுத்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துச் செய்து பாருங்கள். முதல் நான்கு பக்கத்தை எடுக்காதீர்கள். அவை எப்போதும் நன்றாக இருக்கும்.

செய்கூலியைச் சொன்னேன், சேதாரத்தைச் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு வாடிக்கையாளர் மனம் மாறுவார். ஒரு நிறுவன விளம்பரத்துக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்த நம் கவிஞர் ஒருவர் பதினோரு முறை மாற்றி எழுதினார். கடைசியில் அவர்கள் ஏற்றது இரண்டாவதாக எழுதியதை. இரண்டு முறை திருத்தம் இந்தத் தொகைக்குள் அடங்கும், மூன்றாவதிலிருந்து தனித்தொகை என்று முதலிலேயே சொல்லிவிட்டால், ஒன்பது முறை மாற்றம் தேவையில்லை என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். அச்சாரமும் அப்படித்தான். நம் வட்டாரத்து நாகசுரக் கலைஞர்கள் தாம்பூலத்தில் அச்சாரம் வாங்காமல் திருமணத் தேதியைக் குறித்துக்கொள்வார்களா? எத்தனை பேர், எத்தனை வேளை, வண்டி யாருடையது என்று எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். பெண் வீட்டார் அவர்களைப் பேராசைக்காரர் என்று நினைப்பதில்லை. எழுத்தாளர் கேட்டால் மட்டும் 'தமிழை விற்கிறார்' என்கிறோம். நான் வேலை தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கு, பாதி முடிந்ததும் ஒரு பங்கு, முழுதும் ஒப்படைக்கும்போது ஒரு பங்கு என்று கேட்கத் தொடங்கியது 2010-க்குப் பிறகுதான். முதல்முறை கேட்டபோது குரல் நடுங்கியது. எதிர்முனையில் இருந்தவர், "சரி, வங்கிக் கணக்கு எண் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

கேட்டபிறகு பேசாமல் இருப்பது கடினம். தொகையைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் சற்று மௌனமாக இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க மாட்டாமல், "இல்லையென்றால் குறைத்துக்கொள்ளலாம்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். பெண்கள் இதை மிகுதியும் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். அவர் யோசிப்பதற்கு நேரம் கொடுங்கள். அவர் தம் கைக்கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சட்டத்தைப் பற்றி ஒரு சில சொற்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலைக்கு அமர்த்தப்பட்டுப் பணியின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. ஒப்பந்தம் வேறாக இருந்தாலொழிய. உதிரியாக எழுதிக் கொடுப்பவர் நிலை வேறு. எழுத்தின் முதல் உரிமையாளர் அவரே. அவ்வுரிமை மற்றொருவருக்குப் போக வேண்டுமானால் அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். எவ்வளவு தொகைக்கு என்பதும் அதில் குறிக்கப்பட வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும்; எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இதைப் பலர் அறியாமல், காசோலையின் பின் வரும் ஒரு தாளில் 'எல்லா உரிமையும் எக்காலத்துக்கும்' என்று இருப்பதைப் படிக்காமலே கையெழுத்திடுகிறோம். திரைப்பாடல் எழுதுவோர் கவனிக்க வேண்டியது 2012-ஆம் ஆண்டுத் திருத்தம். திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியர் எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாதபடி அத்திருத்தம் செய்தது. பெயர் இடுவதும் அருள் அன்று, உரிமை. படைப்பாளரின் தனி உரிமையாகச் சட்டம் அதைச் சொல்கிறது. 2008-இல் எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த ஐந்து படிகளைப் பெற்றுக்கொண்டு நன்றிக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஆம், நன்றிக் கடிதமும் எழுதினேன்.

பாரதியார் 1921-இல் மறைந்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு அவர் எழுத்துகளின் உரிமையைப் பெற்றபோது, பாடல்களின் இசைத்தட்டு உரிமை வேறொரு திரைப்பட அதிபரிடம் இருந்து வந்தது. வாழ்ந்த நாளில் நூல் அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதிய ஒரு கவிஞரின் பாட்டுக்கு, அவர் இல்லாத உலகில் பலர் விலை பேசினார்கள். விலையே இல்லாத பொருளுக்கு அத்தனை கைகள் நீண்டிருக்குமா?

இவ்வளவு நேரம் பதிப்பாளரையும் நிறுவனங்களையும் பேசினேன். இனி நம்மைப் பேச வேண்டும். இதைச் சொல்லத்தான் இன்று தலைப்பை மாற்றினேன்.

2016-இல் நம் வட்டத்தின் முதலாம் ஆண்டு நிறைவுக் கவியரங்கம் நடந்தது. ஒழுங்கு செய்தவர்களுள் நானும் ஒருத்தி. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞரை அழைத்தோம். துணிக்கடையில் வேலை பார்ப்பவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வந்தார். அவர் வாசித்த கவிதையை இங்கிருக்கும் மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஒரு நூல் கொடுத்தோம். மறு ஆண்டு மீண்டும் அழைத்தபோது அவர் தொலைபேசியில் தயங்கித் தயங்கி, "பயணப்படி ஏதேனும் உண்டா அம்மா?" என்று கேட்டார். குழுவில் அதைச் சொன்னேன். "காசுக்குக் கவிதை வாசிக்கிறவரா அவர்?" என்று ஒரு குரல் எழுந்தது. சிலர் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 'வட்டத்தில் அந்த வழக்கம் இல்லை தம்பி' என்று அவரிடம் சொன்னேன். அவர் வரவில்லை. அதன் பிறகு எந்த மாதமும் வரவில்லை.

இந்த மலருக்காகப் பத்தாண்டு வரவு செலவேடுகளை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அரங்க வாடகை இருக்கிறது. ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுத்தது, தேநீர், பதாகை அச்சுக் கூலி, எல்லாம் இருக்கின்றன. பொன்னாடை என்ற தலைப்பில் ஒவ்வோராண்டும் ஒரு தொகை இருக்கிறது. ஒலிபெருக்கிக்காரரிடம் 'தமிழுக்காகச் செய்யுங்கள்' என்று நாம் ஒருமுறையும் சொன்னதில்லை. கவிஞர் என்ற தலைப்பில் பத்தாண்டுகளில் ஒரு பதிவும் இல்லை. இளவெளிமான் சிறிதாவது கொடுத்தான்.

வட்டத்திடம் பெரும்பொருள் இல்லை என்பதை அறிவேன். சந்தாவும் நன்கொடையும் சேர்த்தே ஒவ்வொரு கூட்டமும் நடக்கிறது. ஆவூர் மூலங்கிழார் சொன்ன இரண்டாவது வழி நமக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது. இயலாததை இயலாது என்று அழைக்கும்போதே சொல்லிவிடலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். ஆனால் ஒரு கவியரங்கத்துக்கு ஏழு பொன்னாடை வாங்கும் தொகையில், வெளியூர்க் கவிஞர்கள் எழுவருக்கும் பேருந்துக் கட்டணம் கொடுத்துவிடலாம். கணக்கைச் செயலாளர் ஐயாவிடம் காட்டினேன், அவர் மறுக்கவில்லை. என் வீட்டுப் பீரோவில் இருக்கும் பொன்னாடைகளை நேற்று எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு. மறுவிழாக்களுக்கு அவற்றை வட்டத்துக்கே கொடுத்துவிட அணியமாக இருக்கிறேன். பதினோராம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் கவிஞர்க்கான பயணப்படி என்று ஒரு வரி சேர்க்க வேண்டுமென்ற தீர்மானத்தைப் பிற்பகல் பொதுக்குழுவில் நானே முன்மொழிகிறேன். எதிர்ப்போர் எதிர்த்துப் பேசுங்கள்; அன்று சிரித்ததுபோலச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

மன்னார்குடி இளைஞரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன மாதம் பேசினேன். துணிக்கடையை விட்டுவிட்டார், திருவாரூரில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்கிறார். எழுதுகிறாரா என்று கேட்டேன். "எப்போதாவது அம்மா" என்றார். இவ்விழாவுக்கு அழைத்தேன். வந்துபோகும் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்த்து 1,100 ரூபாய் ஆகும் என்று தயங்காமல் சொன்னார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. முன்பணமாகப் பாதியைக் கைப்பேசி வழியே அன்றே அனுப்பினேன். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். எனக்குப் பின் கவிதை வாசிப்பார். மீதியை அவர் மேடையிலிருந்து இறங்கும்போது பொருளாளர் கொடுப்பார்.

இந்த உரைக்கு நான் கேட்ட தொகை எவ்வளவு என்பதையும் பிற்பகலில் கணக்கு வாசிக்கும்போது சொல்வார்கள்.